ஜீப்புக்குப் போட்ட பாதையில் லாரி ஏறிய நாள்

எழுபதுகளில் மூணாறுக்கு மேலே ஒரு தேயிலை எஸ்டேட்டில் ரோடு சூப்பர்வைசராக இருந்தேன். ஃபாக்டரி கேட்டிலிருந்து ஸ்டோர் வரை சதுரக் கருங்கல் பாவிய பாதை என் பொறுப்பில் போட்டது. ஜீப்பும் டிராக்டரும் போவதற்கென்றுதான் போடச் சொன்னார்கள். மழைக்கு முன் முடிக்கிற அவசரத்தில், பாதையை ஒட்டி ஓடும் ஓடைப் பக்கம் புதிதாகக் கொட்டிய மண்ணை நாங்கள் சரியாக இடித்து இறுக்கவில்லை. அடியில் ஒன்பது அங்குலம் ஜல்லி போட வேண்டிய இடத்தில் நான்குதான் போட்டோம். மேலே கல் பாவியதும் எல்லா இடமும் ஒரே மாதிரிதான் தெரிந்தது.

அடுத்த ஆடியில் ஃபாக்டரிக்குப் புது டிரையர் மெஷின் ஏற்றிக்கொண்டு போடியிலிருந்து லாரி வந்தது. மெஷினை ஸ்டோரில் இறக்க வேண்டும். டிரைவர் இறங்கி வந்து கேட்டார்.

"அண்ணாச்சி, வண்டியும் லோடுமா பன்னெண்டு டன்னு வரும். இந்தக் கல்லு தாங்குமா?"

அந்தப் பாதைக்குக் கல் பாவிய செல்லையா என் பக்கத்தில்தான் நின்றார். "மெயின் ரோட்டுலயே எறக்கிருவோம் சார். ஓடைப் பக்கம் மண்ணு எளக்கமா கெடக்கு" என்றார் மெதுவாக.

எஸ்டேட் மேனேஜர் கேட்டில் நின்று பார்த்துக்கொண்டிருந்தார். அவர் முன்னால் என் வேலையில் குறை இருக்கிறதென்று சொல்ல எனக்கு மனம் வரவில்லை.

"தாங்கும், வாங்க" என்றேன்.

செல்லையா ஓடைப் பக்கம் போய் நின்று டிரைவருக்குக் கை காட்டினார். முன் சக்கரங்கள் தாண்டிவிட்டன. பின் சக்கரம் வந்ததும் ஓரக் கற்கள் ஓடைக்குள் சரிந்தன. லாரி சாய்ந்தது. கட்டு அறுந்து மெஷின் பெட்டி செல்லையாவின் இடது காலில் விழுந்தது. பிறகு போய்ப் பார்த்தேன், ஒரு கல்கூட உடையவில்லை. மண்தான் அமுங்கியிருந்தது.

நான்காம் நாள் மேனேஜர் கூப்பிட்டார். "டிரைவர் ஓரமா ஓட்டிட்டான்னு ரிப்போர்ட் எழுதியாச்சு. ஒரு கையெழுத்துப் போடு."

"அவரு கேட்டுட்டுத்தான் சார் ஏத்துனாரு. நான்தான் தாங்கும்னேன். அடியில ஜல்லி பத்தாதுன்னு எனக்குத் தெரியும்."

சூப்பர்வைசர் வேலை போயிற்று. சேர்ந்த காலத்தைப் போல மறுபடி கூலியாளாகக் கல் சுமந்தேன். செல்லையாவுக்கு முழங்காலுக்குக் கீழே காலை எடுத்துவிட்டார்கள். ஆஸ்பத்திரிக்குப் போனபோது, "நான் சொன்னேன்ல சார்" என்றார். மாலை வரை அங்கேயே உட்கார்ந்திருந்தேன்.

கல் பாவிய பாதை எவ்வளவு எடை தாங்கும் என்று இப்போதும் சிலர் என்னிடம் கேட்பதுண்டு. அடியில் உள்ள ஜல்லியையும் மண்ணையும், ஓரத்துக் கற்களின் பிடிப்பையும் பொறுத்தது அது. மேலே நின்று பார்த்தால் தெரியாது. அதனால் கல் பாவிய ஆளைக் கேளுங்கள். அவர் தயங்கினால் வண்டியை அங்கேயே நிறுத்திவிடுங்கள்.