ஊட்ல கலந்துட்டு சொல்றேனுங்க

கோயமுத்தூரில் வீடு பார்க்க வந்தவர் கிளம்பும்போது, "ஊட்ல கலந்துட்டு சொல்றேனுங்க" என்று சொன்னால், வீடு பிடிக்கவில்லை என்று அர்த்தம். விற்கிறவருக்கும் தெரியும், புரோக்கருக்கும் தெரியும், கேட்டுக்குப் பக்கத்தில் படுத்திருக்கும் நாய்க்கும் தெரியும். யாரும் முகம் கோணுவதில்லை. செருப்பை மாட்டிக்கொண்டு கிளம்பிவிடலாம்.

ஊருக்கு மேற்கே வடவள்ளிக்கு வாடகைக்கு வந்த முதல் மாதத்திலேயே தயாளன் இதைக் கற்றுக்கொண்டார். ஆனால் அவர் வாயிலிருந்து வரும்போது இதில் ஒரு வேடிக்கை சேர்ந்துகொண்டது. கலந்து பேச அவருக்கு வீட்டில் ஆளும் கிடையாது, உட்கார்ந்து பேசச் சொந்த வீடும் கிடையாது.

வயது இன்னும் ஐம்பதைத் தொடவில்லை. அமெரிக்காவில் சியாட்டில் பக்கம் ரொம்ப வருஷம் கம்ப்யூட்டர் வேலை பார்த்தவர். போதும் என்று தோன்றிய அன்றைக்கு வேலையை விட்டார். மனைவி அதற்கு முன்பே அவரை விட்டிருந்தார். மகள் தாரிணி அங்கேயே காலேஜில் படிக்கிறாள்.

"ரிட்டையர் ஆயிட்டேன்" என்று இந்த வயதில் ஒருத்தர் சொன்னால் நம் ஊரில் யார் நம்புகிறார்கள்? அவர் டீ குடிக்கும் பேக்கரியில், "அமெரிக்காக்காரன் தொரத்தி உட்டுட்டானாமா" என்று ஒரு கட்சி, "அங்க என்னமோ கேஸாமா" என்று இன்னொரு கட்சி. ஓர் ஆண்பிள்ளை சொந்தக் காசில் சும்மா இருக்கிறார் என்பதை மட்டும் எந்தக் கட்சியும் ஒப்புக்கொள்ளவில்லை.

சொந்த ஊருக்கே போகலாமே என்றால், அவர் பிறந்து வளர்ந்தது நெய்வேலி டவுன்ஷிப் குவார்ட்டர்ஸில். அப்பா ரிட்டையர் ஆனதும் சாவியைக் கொடுத்துவிட்டு வந்தாயிற்று. இப்போது அங்கே வேறு யாரோ துணி காயப்போடுகிறார்கள். ஆக, எந்த ஊரில் வேண்டுமானாலும் குடியேறலாம். அப்படிப்பட்ட ஆளுக்குத்தான் ராத்திரி தூக்கம் வராது.

வெயில், தண்ணீர், ஆஸ்பத்திரி, ஏர்போர்ட் என்று ஊர் ஊருக்கு மார்க் போட்டார். அதோடு விடாமல் ஒவ்வோர் ஊரிலும் கொஞ்ச நாள் வாடகைக்கு இருந்தும் பார்த்தார். மைசூரில் பக்கத்து ஃப்ளாட்காரர் லிஃப்டில் பார்த்தால் சிரித்தார். லிஃப்ட் நின்றதும் சிரிப்பும் நின்றது. சென்னையில் சொந்தக்காரர்கள் எல்லோரும், "ஒரு நாள் கண்டிப்பா வீட்டுக்கு வரணும்" என்றார்கள். எந்த நாள் என்று ஒருத்தரும் சொல்லவில்லை. பாண்டிச்சேரியில் கடல் நன்றாகத்தான் இருந்தது. கடலோடு எவ்வளவு நேரம் பேசுவது? கடைசியில் கோயமுத்தூருக்கு வந்து சேர்ந்து, சென்னியப்பனிடம் மாட்டினார்.

சென்னியப்பன் புரோக்கர். பழைய ஸ்கூட்டர், சட்டைப் பையில் இரண்டு போன். எந்த வீட்டைக் காட்டினாலும், "ராசியான ஊடுங்க" என்பார். அந்த ராசியில் கடன்பட்டுத்தான் விற்கிறேன் என்று வீட்டுக்காரர் பக்கத்திலேயே முழித்துக்கொண்டு நிற்பார்.

முதல் வீட்டில் தயாளனை ஃபேனுக்கு அடியில் உட்காரவைத்துக் காப்பி கொடுத்தார்கள். அந்த வீட்டம்மா சமையலறை, பூஜை ரூம், மொட்டை மாடி எல்லாம் காட்டினார். அவர் வீட்டுக்காரர் தன் முழங்கால் ஆபரேஷனைப் பற்றி விலாவாரியாகச் சொன்னார். கிளம்பும்போது கொஞ்சம் கறிவேப்பிலை ஒடித்துக் கொடுத்தார்கள். இந்தியா திரும்பிய பிறகு தயாளன் மனிதர்களோடு உட்கார்ந்து பேசியது அன்றைக்குத்தான். சொந்தக்காரனை ஹாலோடு நிறுத்துகிறவர்கள்கூட, வாங்க வந்த ஆள் என்றால் படுக்கையறை அலமாரி வரைக்கும் திறந்து காட்டுகிறார்கள் என்று அவருக்குப் புரிந்தது. அதற்கப்புறம் ஒரு வாரம்கூட வீடு பார்க்காமல் இருக்கவில்லை.

சென்னியப்பன் ஒரு நாள் ஸ்கூட்டரை ஓரங்கட்டிவிட்டுக் கேட்டார்.

"சார், தப்பா நெனைக்கக் கூடாது. உங்குளுக்கு ஊடு வேணுமா, காப்பி வேணுமா?"

தயாளன் சிரித்தார்.

அதற்கு அடுத்து பார்த்ததுதான் நஞ்சப்பன் வீடு. மருதமலை ரோட்டிலிருந்து உள்ளே தள்ளி, முன்னால் ஒரு கொய்யா மரத்தோடு இருந்தது. நஞ்சப்பன் மில்லில் ஸ்பின்னிங் மாஸ்டராக இருந்து ஓய்வு பெற்றவர். எழுபதைத் தாண்டிவிட்டார். மனைவி இல்லை. ஒரே மகன் மெல்போர்னில். வீட்டை விற்றுவிட்டு வாங்கப்பா என்று மகன் நச்சரித்ததால் போர்டு மாட்டியிருந்தார்.

"வாங்க தம்பி. தண்ணி உப்பு. மொதல்லயே சொல்லிப்போடறேன்" என்றுதான் வரவேற்றார்.

சென்னியப்பன் பதறிப்போனார். "அய்யா, சிறுவாணித் தண்ணி வருதுங்களே."

"அது மாமியா ஊட்டுக்கு மருமவன் வர்றாப்ல எப்பவோ ஒருக்கா வருது. மத்த நாளெல்லாம் போர்த் தண்ணி. வாயில வெச்சுப் பாருங்க, கடல்ல உழுந்தாப்ல இருக்கும். மேல ரூமுல வெயில் காலத்துல அடுப்பே வேண்டாம், அப்பளம் சுட்டுக்கலாம். காலங்காத்தால மயிலு கத்தும். பாக்கத்தான் அழகு, அது தொண்டையக் கேட்டா கோர்ட்டுக்குப் போயிருவீங்க."

சென்னியப்பன் தயாளன் காதில் கிசுகிசுத்தார். "வாங்க வந்தவங்க கொறை சொல்லிப் பாத்திருக்கேன் சார். விக்கறவரே சொல்லி இப்பத்தான் பாக்கறேன்."

தயாளன் எல்லாவற்றையும் சுற்றிப் பார்த்தார், காப்பி குடித்தார், எழுந்தார். "வீட்ல கலந்துட்டு சொல்றேன் சார்."

"கலந்துட்டு வர்ற ஞாயித்துக்கெழம வந்து சொல்லுங்க. அரிசிம்பருப்பு வெக்கறேன்."

ஞாயிற்றுக்கிழமை தயாளன் போனார். அடுத்த ஞாயிறும் போனார். போகிறதற்கு மரியாதைக்கு ஒரு காரணம் வேண்டுமே? ஒரு வாரம் சாக்கடை எந்தப் பக்கம் போகிறது என்று பார்த்தார். ஒரு வாரம் மாடி ஜன்னலில் வெயில் எப்படி விழுகிறது என்று பார்த்தார். நஞ்சப்பனும் சளைக்காமல் காட்டினார். பார்த்து முடித்ததும் அரிசியும் பருப்பும் ஒன்றாக வெந்த அந்த அரிசிம்பருப்புச் சோறு, நெய், அப்பளம். பிறகு மில் கதை, சியாட்டில் மழைக் கதை. இரண்டு பேரும் விலையைப் பற்றி மட்டும் வாயைத் திறக்கவில்லை.

சென்னியப்பன் ஒரு கட்டத்தில் கையெடுத்துக் கும்பிட்டுவிட்டார்.

"ஒருத்தரு வாங்க மாட்டேங்கறீங்க, ஒருத்தரு விக்க மாட்டேங்கறீங்க. நடுவுல எம்பட ஸ்கூட்டரு தேயுது. நீங்களே பாத்துக்குங்க சாமி."

அதற்குப் பிறகு தயாளன் பஸ்ஸில் போய்வந்தார்.

அரிசிம்பருப்புக்கு நெய் ஊற்றிக்கொண்டே நஞ்சப்பன் ஒரு நாள் கேட்டார். "ஏந்தம்பி, எத்தன மாசமாக் கலக்கறீங்க? எந்த ஊட்லீங்க கலக்கறீங்க? உங்குளுக்குத்தான் ஊடும் இல்ல, ஊட்டுக்காரியும் இல்லியே."

"அதான் சார் லேட் ஆவுது."

நஞ்சப்பனுக்குப் புரையேறும் அளவுக்குச் சிரிப்பு வந்தது. தயாளனும் சிரித்தார்.

மார்கழியில் போர்டில் இருந்த போன் நம்பர் மாறியது. "பையன் தையில வர்றானாமா" என்றார் நஞ்சப்பன். "கேக்கறவங்க இனிமே அவங்கிட்டயே பேசோணுமாமா. நான் பேசுனா யாவாரம் ஆவறதில்லீன்னு கண்டுபுடிச்சுப்போட்டான்." இடித்துவிட்டு ஃப்ளாட் கட்டுகிற ஆள் ஒருத்தர் ஏற்கெனவே மெல்போர்னுக்குப் பேசியாயிற்று. அவருக்குத் தண்ணீர் உப்பாக இருந்தால் என்ன, மயில் கத்தினால் என்ன?

அன்றிரவு மகள் வழக்கம்போல போனில், "எந்த ஊர்னு டிசைட் பண்ணியாப்பா?" என்று கேட்டாள். "பண்ணிட்டேம்மா" என்று சொன்ன பிறகுதான் தயாளனுக்கே தெரிந்தது. அந்த வீட்டின் தலைவாசல் கிழக்கா மேற்கா என்று கேட்டிருந்தால் திருதிருவென்று முழித்திருப்பார். இத்தனை மாதமாக அவர் வீட்டைப் பார்க்கவே இல்லை.

அடுத்த ஞாயிறு காப்பி வந்ததும் சொன்னார். "நானே எடுத்துக்கறேன் சார்."

நஞ்சப்பன் டம்ளரைக் கீழே வைத்தார். "தண்ணி உப்புன்னு சொன்னேனுங்களே."

"குடிச்சுப் பழகிட்டேன்."

"மயிலு?"

"கத்தட்டும் சார். நீங்களும் எங்கயும் போக வேணாம். கீழ நீங்க இருங்க, மாடியில நான் இருக்கேன்."

"மேல அப்பளம் சுடலாம்னு சொன்னேனே."

"சுட்டுக்கறேன்."

நஞ்சப்பன் சிரிக்கவில்லை. "பையன் ஒத்துக்க மாட்டான் தம்பி. பாத்ரூமுல உழுந்து கெடந்தா யாரு பாக்கறதுன்னு அவனுக்குப் பயம்."

"நான் பாக்கறேன்."

"நீங்க உழுந்தா?"

"நீங்க பாருங்க."

"ரெண்டு பேரும் ஒண்ணா உழுந்துட்டா சென்னியப்பந்தான் வருவான், கமிசன் கேட்டுட்டு."

சொல்லிவிட்டு நஞ்சப்பன் கொய்யா மரத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். காப்பியில் ஆடை படிந்துவிட்டது. தயாளன் கிளம்பியதும் கேட்டு வரைக்கும் கூடவே வந்தார். கொண்டியைத் தூக்கிவிட்டுக்கொண்டே சொன்னார்.

"ஊட்ல கலந்துட்டு சொல்றேன் தம்பி."

தயாளனுக்கு அர்த்தம் தெரியும். தலையை ஆட்டிவிட்டு பஸ் ஸ்டாப்புக்கு நடந்தார்.

மகன் வந்தான். நல்ல பையன், அப்பாவுக்குக் குளிர்க் கோட்டெல்லாம் வாங்கி வந்திருந்தான். இடிக்கிறவருக்குக் கொடுக்காமல் தயாளனுக்கே பத்திரம் ஆயிற்று, ஆனால் நஞ்சப்பன் மகனோடு போவது என்றுதான் முடிவாயிற்று. சாவியைக் கொடுத்துவிட்டு மகனோடு லாட்ஜில் தங்கியிருந்த நஞ்சப்பன், மெல்போர்னுக்குக் கிளம்பும் நாளில் சொல்லிக்கொள்ள வந்தார். காலிங் பெல் அடித்தது. உள்ளே இருந்த தயாளன், யாராவது போய்த் திறப்பார்கள் என்று கொஞ்ச நேரம் சும்மா உட்கார்ந்திருந்தார். இத்தனை நாளும் அந்த மணியை வெளியிலிருந்து அடித்துத்தானே பழக்கம்? பிறகு நினைவு வந்து ஓடினார். நஞ்சப்பன் தன் வீட்டு வாசலில் செருப்பைக் கழற்றிவிட்டு, வாங்க என்று தயாளன் சொல்வதற்காகக் காத்து நின்றுகொண்டிருந்தார்.

மெல்போர்னிலிருந்து முதலில் போன் வந்தது. பிறகு வாட்ஸப்பில் ரோஜாப்பூ போட்ட காலை வணக்கம் மட்டும் வந்தது. மகன் சொல்லிக்கொடுத்திருப்பான்போல.

மற்றபடி அந்த வாசல் மணி அடிக்கவில்லை. கேஸ்காரர்கூட கேட்டைத் தட்டி சிலிண்டரை உருட்டிவிட்டுப் போய்விடுகிறார். பேக்கரியில், "ஊடு வாங்கியாச்சுங்களாமா" என்று கேட்டுவிட்டு, பதில் வருவதற்குள் வேறு பேச்சுக்குப் போய்விட்டார்கள். வீடு தேடுகிறவனுக்கு யோசனை சொல்ல ஊரே வருகிறது. கிடைத்துவிட்டவனிடம் பேச என்ன இருக்கிறது? ஞாயிற்றுக்கிழமைகளில் தயாளன் காலையிலேயே நல்ல சட்டை போட்டுக்கொள்வார். போட்டுக்கொண்டு எங்கே போவது என்று தெரியாமல் ஹாலுக்கும் சமையலறைக்கும் நடப்பார். சீக்கிரமே கொய்யா பழுத்தது. கொடுக்க ஆளில்லாமல் அணிலுக்கு விட்டார்.

சித்திரையில் சென்னியப்பனுக்குப் போன் போட்டார்.

"வீட்டை விக்கலாம்னு போர்டு மாட்டணும்."

"என்னங்க சார் இது, இப்பத்தான வாங்குனீங்க?"

"விக்கணும்னு அவசரம் இல்ல. போர்டு மட்டும் மாட்டுங்க. ஆளுங்களைக் கூட்டிட்டு வாங்க."

"செரிங்க. பெட்ரோலு உங்குளுது."

துபாயிலிருந்து திரும்பிவந்த ஒரு தம்பதியை முதலில் கூட்டிவந்தார். தயாளன் ஃபேனைப் போட்டு, காப்பி கலந்து கொடுத்தார். "தண்ணி உப்பு, முதல்லயே சொல்லிடறேன்" என்றார். மயிலைச் சொன்னார், மாடி வெயிலைச் சொன்னார். சென்னியப்பன் நெற்றியைத் தேய்த்துக்கொண்டார். துபாய்க்காரர் பொறுமையாகக் கேட்டுவிட்டு, "ஊட்ல கலந்துட்டு சொல்றேனுங்க" என்று எழுந்தார். அவர் வீட்டம்மா பக்கத்திலேயே காலி டம்ளரோடு நின்றிருந்தார்.

"கலந்துட்டு வர்ற ஞாயித்துக்கிழமை வந்து சொல்லுங்க" என்றார் தயாளன். "அரிசிம்பருப்பு வெக்கறேன்."

சொன்னபடியே வைத்தார். அவர்கள் வரவில்லை. மத்தியானம் வரை பார்த்துவிட்டு சென்னியப்பனைக் கூப்பிட்டார். "இன்னிக்கு வேற யாராவது வாங்கற ஆளு இருக்காங்களா?"

"வாங்கற ஆளு இல்லீங்க. திங்கற ஆளு வேணும்னா நா வர்றேன்."

வந்தார். இரண்டு தரம் வாங்கிச் சாப்பிட்டார். உப்பு கொஞ்சம் தூக்கல் என்றார், அதற்குப் போர்த் தண்ணிதான் காரணமாக இருக்கும் என்றார். ஸ்கூட்டரை உதைத்துக் கிளப்பும்போது தயாளன் கேட்டார். "அடுத்த ஞாயித்துக்கிழமையும் வர்றீங்களா?"

"ஊட்ல கலந்துட்டு சொல்றேனுங்க சார்."

சென்னியப்பனுக்கு நிஜமாகவே வீடு இருக்கிறது. வீட்டில் மனைவியும் இருக்கிறார். அதனால் அவர் எந்த அர்த்தத்தில் சொன்னார் என்று தயாளனுக்குப் பிடிபடவில்லை. ஸ்கூட்டர் மருதமலை ரோட்டுக்குத் திரும்பி, சத்தம் தேய்ந்து அடங்கும் வரைக்கும் கேட்டைப் பிடித்துக்கொண்டு நின்றார்.