அவளிடம் மட்டும் பேசிய அக்கா

பிள்ளைக்கு ஒன்றரை வயதானபோது, பாதியில் நின்ற நர்சிங் படிப்பைத் தொடர்ந்தேன். அந்த ஆண்டு மனநலப் பிரிவில் பயிற்சி. ஒரு நோயாளியோடு தினமும் உட்கார்ந்து பேசிப் பழக வேண்டும். கடைசி நாளில் ஆசிரியைக்கு முன்னால் அவர் நம்மோடு பேச வேண்டும். பேசாவிட்டால் பயிற்சியைத் திரும்பச் செய்ய வேண்டும். இன்னொரு முறை அனுப்ப என் மாமியார் சம்மதிக்க மாட்டார்.

"அங்குட்டுப் போயிட்டு வந்த கையோட பிள்ளையத் தூக்காத. குளிச்சிட்டுத் தூக்கு" என்பார். அது ஒட்டிக்கொள்ளும் நோயல்ல என்று படித்தவள்தான் நான். ஆனாலும் காரைக்குடியில் கல்லூரி வேனை விட்டு இறங்கியதும் வீட்டுக்கு வந்து முதலில் குளித்தேன்.

வார்டுக்குள் நகை கூடாது, ஊக்குகூட கூடாது என்றார்கள். கல்யாணமாகாத பிள்ளைகள் எல்லாவற்றையும் கழற்றி வைத்தார்கள். நான் தாலிச் சங்கிலியில் மாட்டியிருந்த ஊக்குகளை மட்டும் எடுத்துவிட்டு, சங்கிலியைச் சட்டைக்குள் விட்டுக்கொண்டேன்.

எனக்குக் கிடைத்தவர் திருப்பத்தூர் பக்கத்து அக்கா. நான் எது கேட்டாலும் சுவரைப் பார்த்துக்கொண்டிருப்பார். பக்கத்துக் கட்டில் நோயாளி என் வகுப்புத் தோழிக்கு. அவள் என்னைவிடச் சின்னவள், என்னையும் அக்கா என்றுதான் கூப்பிடுவாள். கட்டிலிலேயே ஏறிச் சம்மணமிட்டு, செருப்பு அறுந்த கதையைச் சொல்வாள். என் அக்கா அவள் பக்கம் திரும்பிவிடுவார்.

"ஏடி, செருப்பத் தச்சியா இல்லையா?"

"தச்சேன்க்கா. ரெண்டு எட்டு வைக்கல, திரும்ப வாயப் பொளந்துருச்சு."

"உன் நடை அப்படி."

என்னிடம் மட்டும் "வாங்க, உக்காருங்க." அதோடு சரி. அந்த 'ஏடி' எனக்குக் கிடைக்கவில்லையே என்று வேனில் வரும்போதெல்லாம் வயிறு எரிந்தது. அவளுக்கு வீட்டில் கைப்பிள்ளை இல்லை, குளித்துவிட்டு வா என்று சொல்ல ஆளில்லை. பயப்படாமல் இருக்க அவளுக்கு வசதி இருக்கிறது என்று நினைத்தேன். அது நியாயமான நினைப்புதானா என்றும் யோசித்தேன். எரிச்சல் குறையவில்லை.

ஒருநாள் அக்கா தானாக என்னிடம் கேட்டார்.

"நெஞ்சு கிஞ்சு வலிக்கிதா ஒங்களுக்கு?"

"இல்லையேக்கா."

"வந்ததுலருந்து அதையே புடிச்சிக்கிட்டு இருக்கீக. நான் ஒண்ணும் அத்துக்கிட்டு ஓடிர மாட்டேன்."

என் கை சட்டையோடு சேர்த்துச் சங்கிலியைப் பிடித்திருந்தது. தோழி சிரித்தாள், அக்காவும் சிரித்தார். கையை இறக்கினேன். அதை எங்கே வைப்பதென்று தெரியவில்லை.

கடைசி நாளுக்கு முந்தின மதியம் கை கழுவிவிட்டுத் திரும்பியபோது, வாசலருகே தோழியின் குரல் கேட்டது.

"நாளைக்கு எங்க அக்காகிட்ட பேசுங்கக்கா. பாவம், கைப்பிள்ளைக்காரி. இல்லாட்டித் திரும்ப வரணும்."

"அவுகளுக்கு என்னையப் பாத்தாலே பயம்டி."

"பயந்துக்கிட்டேதான் தெனமும் வந்து உக்காருறாக."

நான் வெளியிலேயே கொஞ்ச நேரம் நின்றுவிட்டு உள்ளே போனேன்.

மறுநாள் ஆசிரியை பக்கத்தில் நிற்க, அக்கா பேசினார். மூத்த மகள் பெரியவளான அன்று தான் இந்தக் கட்டிலில் இருந்ததைச் சொன்னார். அவளுக்கென்று எடுத்து வைத்திருந்த பாவாடைத் துணியை யார் தைத்தார்களோ தெரியாது என்றார். அப்போதும் ஒரு எண்ணம் குறுக்கே வந்தது: இதைத் தோழியிடம் முன்பே சொல்லியிருப்பார்.

"நல்லாப் பழகியிருக்கம்மா" என்று ஆசிரியை என்னைப் பாராட்டினார். தோழி அடுத்த கட்டிலில் இருந்தபடி கேட்டுக்கொண்டிருந்தாள். அவள் கேட்டுக்கொண்டதால்தான் அக்கா பேசினார் என்று நான் சொல்லவில்லை.

வேனில் அவளுக்கு நன்றி சொல்ல வாயெடுத்தேன். "அக்கா நல்லாப் பேசுனாக" என்றுதான் வந்தது.

"நான்தான் மொத நாளே சொன்னேன்ல, ரொம்ப நல்லவுகன்னு" என்று சொல்லிவிட்டு என் தோளில் சாய்ந்து தூங்கிப்போனாள். அவள் முதல் நாளே சொன்னது உண்மைதான். அதற்காகவும் அவள்மேல் பொறாமையாக இருந்தது.