கதவை மறைத்த திரை

நான் வேலை செய்யும் மண்டபத்தில் வாசற்கதவு கதவாகத் தெரியாது. அதன்மேல் ஒரு பெரிய புத்தக அலுமாரியின் படத்தை ஒட்டியிருக்கிறார்கள். இங்கிலாந்தின் வடக்கே இந்தச் சிறு நகரத்துக்கு வந்த புதிதில், புதன்கிழமைகளில் அங்கே கூடுபவர்களுக்குத் தேநீர் கொடுக்கும் வேலை கிடைத்தது. முதல் நாள் வேலை முடிந்து புறப்பட்டபோது வாசலைக் காணவில்லை. சுவரைத் தடவிக்கொண்டு நின்றேன். கூட்டத்தை நடத்தும் மார்கரெட் வந்து மெல்லக் கையைப் பிடித்து, "உட்காருங்கள், உங்கள் மகள் இப்போது வந்துவிடுவாள்" என்றாள். என்னையும் மறதிநோய்க்காரி என்றே நினைத்துவிட்டாள்.

டிமென்ஷியா வந்தவர்கள் கதவைக் கண்டால் வெளியே போகப் பார்ப்பார்கள், பூட்டினால் பதறுவார்கள். அதனால்தான் அந்தப் படம். அவர்கள் இந்த அறையில் பாட்டுப் பாடிக்கொண்டிருக்க, அடுத்த அறையில் அவர்களைப் பராமரிக்கும் மனைவிமார், கணவன்மாருக்கு வகுப்பு நடக்கும். எதிர்த்து வாதாடாதே, பூட்டி வைக்காதே, நீயும் ஓய்வெடு. தேநீர்க் கோப்பைகளை எடுக்கப் போன நானும் ஒரு கதிரையில் உட்கார்ந்து கேட்கத் தொடங்கினேன். கேட்ட ஒவ்வொன்றும் இலங்கையில், கற்பிட்டியில் இருந்த என் அக்கா பரீதா ராத்தாவுக்காகச் சொல்லப்பட்டது போலவே இருந்தது.

ராத்தாவின் கணவர் ஜவாத் மச்சான் எங்கள் கடலோரக் களப்பில் படகோட்டியவர். உச்சமுனைத் தீவுக்கு ஆட்களையும் அரிசி மூட்டைகளையும் ஏற்றிப் போவார். பிறகு, ஓங்கில், அதாவது டால்பின், பார்க்க வரும் வெள்ளைக்காரரைக் கடலுக்குக் கூட்டிப்போனார். வாப்பா மௌத்தான பிறகு என்னைப் படிக்கவைத்தவர் அவர்தான். அறுபது வயதுகூட ஆகாத ஒரு நாளில், களப்பின் நடுவே இயந்திரத்தை நிறுத்திவிட்டு, "நாம எங்க போற?" என்று படகில் இருந்தவர்களைக் கேட்டிருக்கிறார். பகிடி விடுகிறார் என்று எல்லோரும் சிரித்தார்களாம். ஆனால் அவர் அழத் தொடங்கிவிட்டார்.

போன வருடம் மார்ச் மாதம் மூன்று வார விடுமுறையில் ஊருக்குப் போனேன். ராத்தா முன்கதவில் ஒரு பெரிய பூட்டுப் போட்டிருந்தாள். மச்சான் உள்ளே நின்று அதை இழுத்துக்கொண்டே இருந்தார். விரல்கள் உரிந்திருந்தன.

"மனிசன அடைச்சு வைக்கிறதா ராத்தா? நாங்க அங்க இப்பிடிச் செய்யிறல்ல."

"அங்க நீங்க எத்தின பேர்? இஞ்ச நான் ஒருத்தி" என்றாள் அவள்.

ஆனாலும் விட்டுக்கொடுத்தாள். படித்தவள் சொல்கிறாள் என்ற மதிப்பு. பூட்டைக் கழற்றி, சுவரின் நிறத்திலேயே ஒரு திரை தைத்துக் கதவுக்கு முன்னால் தொங்கவிட்டேன். மச்சான் அந்தப் பக்கமே போகவில்லை. நாலாம் நாள் ராத்தா பகலில் ஒரு மணி நேரம் தூங்கினாள். நான் வென்றுவிட்டதாக நினைத்தேன்.

அந்த உற்சாகத்தில் பள்ளிவாசலுக்கு அருகிலுள்ள மண்டபத்தைக் கேட்டு வாங்கி ஒரு கூட்டமும் வைத்தேன். பதினொரு பெண்கள் வந்தார்கள். வெளிநாட்டிலிருந்து வந்தவள் சாமான் பகிர்கிறாள் என்று யாரோ சொல்லியிருக்கிறார்கள். இல்லை என்று தெரிந்ததும் பலர் எழுந்து போனார்கள். பாலாவியிலிருந்து மாமியாரின் நோயைப் பற்றிக் கேட்க வந்த ஒருத்தி மட்டும் கடைசிவரை இருந்தாள். "ஜின் புடிச்சிரிக்கெண்டு சொல்றாங்க. ஓதிப் பாத்தும் சரிவரல்ல. நீங்க போன பொறகு நான் யார்ட்டக் கேக்கிற?" என்றாள். ஒரு வாட்ஸ்அப் குழுவைத் தொடங்கி அவளையும் ராத்தாவையும் சேர்த்தேன். இப்போது அதில் வெள்ளிக்கிழமைகளில் ஜும்ஆ வாழ்த்துப் படங்கள் மட்டுமே வருகின்றன.

நான் திரும்பி வந்து இரண்டு மாதத்தில், தென்மேற்கிலிருந்து வீசும் கச்சான் காற்று தொடங்கியது. கற்பிட்டியில் பிறந்த நான் அதை எப்படி மறந்தேன் என்று தெரியவில்லை. இங்கே மண்டபத்துக்குள் காற்று வராது. அங்கே கதவிடுக்கால் புகுந்த காற்று திரையைத் தூக்கித் தூக்கிக் கதவைக் காட்டியிருக்கிறது. ராத்தா நண்பகல் ளுஹர் தொழுதுகொண்டிருந்தபோது மச்சான் வெளியேறினார். மாலையில் களப்போரக் கண்டல் மரங்களுக்கிடையில், முழங்காலளவு சேற்றில் நின்றவரைக் கண்டுபிடித்தார்கள். காலில் ஒரு போத்தல் துண்டு ஏறியிருந்தது. பழைய நீரிழிவு வேறு. மூன்றாம் வாரம் முழங்காலுக்குக் கீழே காலை எடுத்துவிட்டார்கள்.

மார்கரெட்டிடம் சொன்னேன். "உன் அக்கா ஏன் அவசர உதவிக் குழுவை அழைக்கவில்லை?" என்று கேட்டாள். அப்படி ஒன்று அங்கே இல்லை என்றேன். அவள் தலையசைத்து, "வார இறுதியாக இருந்திருக்கும், அப்போது அவர்கள் வரமாட்டார்கள்தான்" என்றாள்.

கால் போனது மச்சானுக்கு நினைவில் நிற்பதில்லை. எழுந்து நடக்கப் போய் விழுகிறார். அதனால் ராத்தா தன் பழைய சேலையைக் கிழித்து அவரைக் கட்டிலோடு கட்டிவைக்கிறாள். "என்னாலதானே ராத்தா" என்று ஒருநாள் போனில் அழுதேன். "நீ சொன்னது பொய்யில்ல ஹஸீனா. இஞ்சத்தைக்குச் சரிவரல்ல. இனி ஒண்டும் சொல்லாத" என்றாள். அதன் பிறகு நான் ஒன்றும் சொல்வதில்லை. புதன்கிழமைகளில் மட்டும், அடுத்த அறை வகுப்பில், பூட்டி வைக்காதீர்கள் என்று புதியவர்களுக்கு இப்போது நானே சொல்லிக்கொடுக்கிறேன்.

போன ஞாயிறு வீடியோவில் அழைத்தேன். ராத்தா கைபேசியை மச்சானின் முகத்துக்கு நேரே பிடித்தாள். அவர் என்னை உற்றுப் பார்த்தார். என் கம்பளிச் சட்டையை, பின்னால் இருந்த ஜன்னலைப் பார்த்தார். பிறகு சட்டைக் கழுத்தைச் சரிசெய்துகொண்டு மரியாதையாகச் சிரித்தார்.

"வெல்கம் மேடம். விச் கன்ட்ரி?"

"இஞ்ச பாருங்க, இது நம்மட ஹஸீனாவெல்லா" என்றாள் ராத்தா.

அவர் காதில் அது விழவில்லை. "விச் கன்ட்ரி, மேடம்?"

நான் வாயைத் திறந்தேன். ஒரு நாட்டின் பெயரும் வரவில்லை. அவர் பொறுமையாகக் காத்திருந்தார். பிறகு, பயணியைப் படகில் ஏற்றிவிடுவதற்காக நீட்டுவதுபோல என்னை நோக்கிக் கையை நீட்டினார். கைபேசி முழுவதும் அந்தக் கைதான் தெரிந்தது. நானும் என் கையை நீட்டினேன். விரல்களில் கண்ணாடிதான் பட்டது.