கை எழாத ஞாயிறு

லண்டனில் நாற்பது வயதுக்கு மேல் பேஸ்போல் விளையாடப் போன யாழ்ப்பாணத்தான் நான் ஒருவன்தான் என்று நினைத்திருந்தேன். கிங்ஸ்பரிப் பக்கத்துப் பூங்காவுக்குப் போய்ப் பார்த்தால் அரை அணி என்னைப் போலவே நின்றது. எல்லோரும் முழங்கால் தேய்ந்த பழைய கிரிக்கெட்காரர்கள். கப்டன் மட்டும் இளையவர். பாரிசில் வளர்ந்து, அங்கேயே இந்த விளையாட்டைப் பழகி, பிறகு பிளேஸ்டோவுக்கு வந்து குழாய் வேலை செய்பவர்.

இந்த விளையாட்டில் அடிப்பவனுக்கு முன்னால் தரையில் ஒரு வெள்ளைத் தட்டு இருக்கும். அதற்கு மேலே, முழங்காலுக்கும் நெஞ்சுக்கும் இடையில் வருகிற பந்தைத்தான் அடிக்க வேண்டும். மற்றதை விட்டுவிட வேண்டும். அப்படித் தவறி வருகிற நான்கை விட்டால், அடித்து ஓடிச் சேர வேண்டிய முதல் பேஸ் என்ற மூலைக்குச் சும்மா நடந்து போகலாம். வீசித் தவறினாலோ நல்ல பந்தை விட்டாலோ அது ஸ்ட்ரைக். மூன்று சேர்ந்தால் ஆட்டமிழப்பு. கேட்க எவ்வளவு சுலபம்! எங்களுக்கோ காலடியில் விழுகிற பந்தைக் கண்டால் கை ஊறும். கிரிக்கெட்டில் அதைத் தோண்டி அடித்தே வளர்ந்தவர்கள் நாங்கள். அதைவிடப் பெரிய வியாதி, அடிக்காமல் நடந்து போவது எங்களுக்கு மானப் பிரச்சினை. யாராவது நடந்தால் எங்கள் ஆட்களே ஓரத்திலிருந்து கத்துவார்கள்: “என்னடா, கோயிலுக்கே போறாய்?”

அதனால் பயிற்சியில் கப்டன் மட்டையைப் பிடுங்கிவிடுவார். வெறுங்கையோடு தட்டருகே நிற்க வேண்டும். அடிக்கக்கூடிய பந்து என்றால் ‘ஓம்’, இல்லாவிட்டால் ‘இல்லை’ என்று சத்தமாகச் சொல்ல வேண்டும். நாயோடு நடக்க வந்தவர்கள் நின்று வேடிக்கை பார்ப்பார்கள். வெறுங்கையோடு நான் ஒரு பிழையும் விடமாட்டேன். மட்டை கைக்கு வந்ததும் அந்தக் கண் எங்கே போகுமோ தெரியாது.

“அண்ணை, உங்களுக்குக் கண் சரி. மனம்தான் அந்தரப்படுது” என்பார் கப்டன்.

அந்தக் கோடை முழுவதும் நான் முதல் பேஸைத் தொடவே இல்லை. கடைசி மட்சுக்கு முந்திய கிழமை கப்டன் என்னைத் தனியே கூப்பிட்டார்.

“கோவிக்காதேங்கோ அண்ணை. இந்த ஞாயிறும் இப்பிடியெண்டால் அடுத்த வருசம் வேறை ஆளைத்தான் போடவேணும்.”

கோலியர்ஸ் வுட்டில் வீடு, பார்சல் டிப்போவில் வேலை, திரும்ப வீடு. இதற்குள் அந்தப் புல்தரை ஒன்றுதான் எனக்கென்று இருந்தது.

சனிக்கிழமை நேரத்தோடு படுப்பது என்று முடிவெடுத்திருந்தேன். பின்னேரம் சூப்பர்வைசர் போன் பண்ணினார். ஒருவருக்குச் சுகமில்லையாம், இரவு ஷிப்டுக்கு வேறு ஆள் இல்லையாம். மறுக்க முடியவில்லை. விடியும்வரை பெட்டி தூக்கிவிட்டு அப்படியே மட்சுக்கு ரயில் ஏறினேன். தோள் இரண்டும் கழன்று விழும்போல் இருந்தது. வழியில் மனைவி போன் எடுத்தாள்.

“வீட்டை வந்து படுங்கோவன். ஒருத்தரும் ஏச மாட்டினம்.”

“ஏலாது. இண்டைக்குப் போகாட்டில் முடிஞ்சுது.”

முதல் பந்து காலடியில் விழுந்தது. மனம் பாய்ந்தது, கை எழவில்லை. அடுத்ததும் அப்படியே. நான்கு போனபின், கோடை முழுவதும் கிட்டாத முதல் பேஸுக்கு நொண்டி நொண்டிப் போய்ச் சேர்ந்தேன். ஓரத்தில் கோயில் பகிடி தொடங்கியது. ரோசப்படவும் தெம்பு வேண்டுமே! இரண்டாம் முறையும் நடந்தேன்.

கடைசிச் சுற்றில் இரு அணியும் சமநிலை. மூன்று பேஸிலும் எங்கள் ஆட்கள். நான் நடந்தால் எல்லோரும் ஒரு பேஸ் நகர, மூன்றாம் பேஸில் நிற்பவன் தானாக உள்ளே வருவான், வெற்றி. நான் ஆட்டமிழந்தால் சுற்று முடிந்தது. மூன்று தவறிய பந்துகளை விட்டேன். நடுவில் வந்த இரண்டு நல்ல பந்துகளையும் விட்டேன். அவற்றுக்கும் கை எழவில்லை, அவ்வளவுதான். கடைசிப் பந்து இடுப்பளவில் வந்து திடீரென்று கணுக்காலுக்கு இறங்கியது. கோடை முழுவதும் என்னை ஏமாற்றிய அதே பந்து. “அடியடா!” என்று எல்லோரும் கத்தினார்கள். “இல்லை” என்று என் வாய் பலமாகச் சொன்னது. அம்பயர் முதல் பேஸைக் காட்டினார்.

கப்டன் ஓடிவந்து கட்டிப்பிடித்தார். “இதுதான் மனத்திடம்! அண்ணையைப் பார்த்துப் பழகுங்கோடா! அடுத்த வருசம் நீங்கள்தான் முதல் ஆளாய் இறங்கிறியள்.”

அழுகை வந்தது. சந்தோசம் பாதி, நித்திரை பாதி. மனத்திடமும் இல்லை, ஒரு மண்ணும் இல்லை என்று சொல்ல வாய் வரவில்லை.

அடுத்த வசந்தத்தில் பயிற்சி தொடங்கியபோது நன்றாக நித்திரை கொண்டுவிட்டுப் போனேன். முதல் பந்து காலடியில் விழுந்தது. தோண்டப் போய்க் காற்றை அடித்தேன். அடுத்ததற்கும் காற்றுத்தான். கப்டன் வந்து மட்டையைப் பிடுங்கினார்.

மறுநாள் சூப்பர்வைசரிடம் போய், எவரும் வேண்டாமென்று ஓடுகிற சனிக்கிழமை இரவு ஷிப்டை, கோடை முடியும்வரை எனக்கே தரும்படி கேட்டேன். அவர் நம்பாமல் திரும்பக் கேட்டு உறுதிப்படுத்திக்கொண்டார்.

மனைவி சோற்றுக் கோப்பையைக் கீழே வைத்துவிட்டு என்னைப் பார்த்தாள். “கிழமைக்கொருக்கால் ஆறுதலாய்க் கொள்ளுற நித்திரையையும் குடுத்திட்டு வந்து நிக்கிறியள். உங்களுக்கென்ன விசரே?”

“ஓம்” என்றேன்.