வெங்காயக் காய்ச்சல்

உயர்தரப் பரீட்சையில் மூன்று பாடமும் பாஸாகி, டாக்டருக்குப் படிக்கிற அளவுக்குப் புள்ளி வராமல் நான் எங்கள் வரிசை வீடான லயத்துக்குத் திரும்பி வந்ததும், எல்லாரும் திடீரென்று என்மேல் அன்பாகிவிட்டார்கள். எனக்கு அது பிடிக்கவில்லை. தெஹியோவிட்டைக்கு மேலே இருக்கிற எங்கள் ரப்பர் தோட்டத்தில் யாரும் யார்மேலும் சும்மா அன்பு வைப்பதில்லை. ரப்பர் பாலில் தண்ணீர் கலக்கிறோம் என்று கணக்கப்பிள்ளைக்கு எங்கள்மேல் சந்தேகம். நிறுவையில் குறைக்கிறார் என்று எங்களுக்கு அவர்மேல் சந்தேகம். இந்த இரண்டுக்கும் நடுவில் வளர்ந்தவள் நான். கடைக்காரர் மிட்டாய் ஒன்று கூடுதலாகக் கொடுத்தால்கூடத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டுத்தான் வாயில் போடுவேன்.

டாக்டர் ஆக முடியாவிட்டால் டாக்டருக்கு அடுத்த ஆளாவது ஆக வேண்டும் என்பது என் ஆசை. நோயாளியைத் தொட்டுப் பார்த்து மருந்து எழுதுகிற உதவி வைத்தியர் வேலை. அது கிடைக்காவிட்டால் அம்மாவைப் போல விடியும் முன்னே தலையில் துணியைக் கட்டிக்கொண்டு பால்வெட்டப் போக வேண்டியதுதான்.

அந்தப் படிப்புக்கு மூன்று வழி தெரிந்தது. முதலாவது, அவிசாவளை பஸ் ஸ்டாண்டுக்கு எதிரே மாடியில் இருந்த தனியார் நிறுவனம். அப்பாவும் நானும் போனோம். டை கட்டிய ஒருவர் எங்களுக்கு சோடா உடைத்துக் கொடுத்தார். அப்போதே எனக்குப் பொறி தட்டியது. "ரெண்டு சீட்தான் மிச்சம் இருக்கு, இன்னைக்கே பதிஞ்சிருங்க" என்றார். சுவரில் வெளிநாட்டுக் கட்டடம் ஒன்றின் படம், மூலையில் ஒரு கை இல்லாத எலும்புக்கூடு.

"நோயாளிங்களை எங்க பாக்கப் பழக்குவீங்க?" என்று கேட்டேன்.

"அதெல்லாம் ரெண்டாம் வருஷம் பாத்துக்கலாம், தங்கச்சி."

சோடாவைக் குடிக்காமல் எழுந்து வந்தேன். பிறகு ஒருநாள் அந்தப் பக்கம் போனபோது வேண்டுமென்றே ஏறிக் கேட்டேன். அப்போதும் ரெண்டு சீட்தான் மிச்சம் இருந்தது.

இரண்டாவது வழி அரசாங்கத்தின் உதவி வைத்தியர் படிப்பு. நாடு முழுக்க எழுதுகிற பரீட்சை, பிறகு கொழும்பில் நேர்முகம். இரண்டுக்கும் போய்வந்தேன். போகிற வழியில் பஸ்ஸை நிறுத்தி அடையாள அட்டை பார்த்த பொலிஸ்காரர் அட்டையையும் என் முகத்தையும் மாறி மாறிப் பார்த்து, "கொஹெத யன்னே?" என்றார். எங்கே போகிறாய் என்ற அந்தச் சின்னக் கேள்விக்கு நான் நல்ல சிங்களத்தில் பதில் சொன்னேன். சிங்களம் நன்றாக வந்ததால் அவருடைய சந்தேகம் இன்னும் கூடியது. பஸ் முழுக்கக் காத்திருக்க, நான் மட்டும் வெயிலில் நின்றேன். உள்ளுக்குள் எரிந்தது. நேர்முகம் முடிந்து மாதங்கள் போயும் அங்கிருந்து ஒரு தகவலும் இல்லை. நமக்கு எங்கே தரப்போகிறார்கள் என்று நானே முடிவு கட்டிவிட்டேன்.

மூன்றாவது வழி தானாக வீடு தேடி வந்தது. தோட்டத்து டிஸ்பென்சரியில் இருந்த டாக்டரையா ஓய்வுபெறப் போகிறார் என்றும், தொழிலாளர் வீட்டுப் பிள்ளை ஒன்றைக் கம்பனி தன் செலவில் படிக்க வைத்து அந்த இடத்தில் போடும் என்றும், தோட்டத்து மேனேஜரான தொரை சொல்லி அனுப்பினார். அந்தத் தோட்டத்தில் உயிரியல் படித்தவள் நான் ஒருத்திதான். அப்பாவுக்குக் கால் தரையில் படவில்லை. குவார்ட்டர்ஸ் உண்டு, குழாய்த் தண்ணீர் உண்டு, மகள் பக்கத்திலேயே இருப்பாள். நான் மட்டும் யோசித்தேன். லயத்துப் பிள்ளையைத் தொரை ஏன் தேடி வருகிறார்?

தொழிற்சங்கத் தலைவரிடம் கேட்டேன். "தொரை சும்மா குடுப்பாரா பாப்பா? நம்ம ஆளையே டிஸ்பென்சரியில ஒக்கார வச்சா, யாரு நெசமா படுத்திருக்கா, யாரு நடிக்கிறான்னு அவருக்கு லேசா தெரிஞ்சிரும்ல" என்றார். சொன்னது சரியாகத்தான் பட்டது. ஆனால் தலைவருக்குத் தன் மருமகனை அந்த வேலையில் போடுகிற எண்ணம் இருப்பதாக எனக்குச் சந்தேகம். அதனால் அவர் பேச்சையும் பாதிதான் நம்பினேன்.

தலைவர் சொன்னதில் விஷயம் இருந்தது. காலையில் பெரட்டுக்களத்தில் பெயர் கூப்பிடும்போது வராதவர்கள், டிஸ்பென்சரியிலிருந்து காய்ச்சல் என்று ஒரு துண்டு வாங்கிவந்து காட்ட வேண்டும். துண்டு இல்லாமல் நின்றால் மறுநாள் எல்லார் முன்னாலும் ஏச்சு விழும், அடிக்கடி நின்றால் வேலையே போய்விடும். அதனால் துண்டுக்காகப் பொய்க்காய்ச்சல் பிடிப்பதும் உண்டு. கக்கத்தில் உரித்த வெங்காயத்தை இடுக்கிக்கொண்டு கொஞ்ச நேரம் படுத்தால் உடம்பு சுடும் என்பது எங்கள் லயத்தில் சின்னப் பிள்ளைக்கும் தெரிந்த வைத்தியம். இதற்கெல்லாம் காவலாக உட்கார்ந்திருந்தார் எங்கள் டாக்டரையா. சரியான சிடுமூஞ்சி. மூச்சுவிட முடியாமல் வந்தவரையும் முறைத்துப் பார்த்துவிட்டுத்தான் தெர்மாமீட்டரை எடுப்பார். அவரை ஏமாற்ற வெங்காயத்தால் மட்டும்தான் முடியும் என்பார்கள்.

அவரிடம் சான்றுக் கடிதம் வாங்கப் போனேன். எழுதிக் கொடுத்துவிட்டு, மூக்குக்கண்ணாடிக்கு மேலாக என்னைப் பார்த்தார்.

"அம்மாவுக்கு இப்ப காய்ச்சலெல்லாம் எப்படி?"

"எங்கம்மாவுக்குக் காய்ச்சலே வந்ததில்லீங்களே."

"அப்படியா? ரொம்ப நல்லது" என்று சொல்லிவிட்டு அடுத்த ஆளைக் கூப்பிட்டார்.

எனக்குத் தூக்கம் போய்விட்டது. அம்மா ஒருநாளாவது பாயில் படுத்து நான் பார்த்ததில்லை. அப்படியானால் என்னிடம் எதையோ மறைக்கிறாள். பெரிய வியாதியாக இருக்குமோ என்று பயந்து, அவளைக் கண்காணிக்க ஆரம்பித்தேன். தலையணைக்குக் கீழே மாத்திரை தேடினேன். இருமினால் எழுந்து போய்ப் பார்த்தேன். ஆசையாகக் கையைப் பிடிப்பதுபோல நாடியைப் பிடித்தேன். "என்னடி புதுசா கொஞ்சுற?" என்று கையை உதறினாள். அவளுக்கும் என்மேல் சந்தேகம் வந்துவிட்டது.

இன்னொன்றும் என்னை உறுத்தியது. தொரை சொல்லி அனுப்பிய நாளிலிருந்து அப்பா கொண்டாடினார், அம்மா வாயே திறக்கவில்லை. கேட்டால், "கவுருமெண்டு படிப்புக்கே போ புள்ள" என்பாள். பதிலே வராத அந்தப் படிப்பைப் பிடித்துக்கொண்டு ஏன் நிற்கிறாள் என்று எனக்கு விளங்கவில்லை. மகள் உத்தியோகம் பார்க்கிற ஸ்டாப் ஆகிவிட்டால் லயத்துப் பக்கம் வரமாட்டாள் என்று பயப்படுகிறாளோ என்றுகூட நினைத்தேன்.

கம்பனியின் நேர்முகம் கொழும்பில் நடந்தது. தொரையும் ஒரு டாக்டரும் தலைமை அலுவலகத்து அம்மா ஒருவரும் இருந்தார்கள். உயிரியலில் ஒரு கேள்விகூடக் கேட்கவில்லை. தொரை நேரே விஷயத்துக்கு வந்தார். காய்ச்சல் இல்லாத ஓர் ஆள் வந்து துண்டு கேட்டால் என்ன செய்வாய் என்றார். தலைவர் சொன்னது சரிதான் என்று அப்போதே தெரிந்துபோயிற்று. ஆனால் இடம் வேண்டுமே. "நான் லயத்துல வளந்தவ, சார். வெங்காயக் காய்ச்சலை மோந்தே கண்டுபுடிச்சிருவேன்" என்று சிங்களத்தில் எடுத்துவிட்டேன். மூவரும் வாய்விட்டுச் சிரித்தார்கள். இடம் எனக்குத்தான் என்று அங்கேயே சொன்னார்கள். ஏழு வருஷம் அதே தோட்டத்தில் வேலை செய்வதாக அடுத்த வெள்ளிக்கிழமைக்குள் கையெழுத்துப் போட வேண்டும்.

வீட்டுக்கு வந்து அப்பாவிடமும் அம்மாவிடமும் இதை நடித்தே காட்டினேன். தொரை சிரித்த மாதிரி, அந்த அலுவலகத்து அம்மா கண்ணாடியைக் கழற்றிக் கண்ணைத் துடைத்த மாதிரி. அப்பா தொடையில் தட்டிச் சிரித்தார். அம்மா அடுப்பில் இருந்த ரொட்டியைத் திருப்பிப் போட்டுவிட்டு, என் பக்கம் பார்க்காமலே பேசினாள்.

"அப்ப மொத ஆளா நான்தான் மாட்டுவேன்."

"நீங்க எதுக்கும்மா மாட்டுறீங்க?"

"ஒன்னய ஸ்காலசிப் சோதனைக்கு டவுனுக்குக் கூட்டிட்டுப் போனது யாரு? அட்டனுக்குக் கொண்டுபோயி ஹாஸ்டல்ல விட்டது யாரு? ஐடென்டிட்டி எடுக்க, ஆஸ்பத்திரிக்கு, டியூசனுக்கு, எல்லாத்துக்கும் நாந்தானே வந்தேன். அந்த நாளெல்லாம் எனக்கு யாரு லீவு குடுத்தது?"

வேலை வாங்குகிற கங்காணி நல்லவர், கேட்டால் விடுவார் என்றுதான் நான் நினைத்திருந்தேன்.

"லீவு கேட்டா எதுக்குன்னு கேப்பாங்க. புள்ள படிப்புக்குன்னு சொன்னா, படிச்சு தொரைசானி ஆகப் போறாளான்னு பெரட்டுல சிரிப்பாங்க. மொத தடவ சொல்லி அசிங்கப்பட்டேன். அப்பறம் வெங்காயந்தான்." ரொட்டியைத் தட்டில் போட்டாள். "தம்பிக்கு இன்னும் எல்லாச் சோதனையும் மிச்சம் இருக்கு. நீ வந்து அந்த நாக்காலியில ஒக்காந்துட்டா, நான் யாருகிட்ட புள்ள பொய் சொல்லுவேன்?"

டாக்டரையா கேட்ட காய்ச்சல் எது என்று அப்போதுதான் புரிந்தது. ஊரில் உள்ள எல்லாரையும் சந்தேகப்பட்ட நான், அவள் பொய்க்காய்ச்சல் பிடிப்பாள் என்று மட்டும் சந்தேகப்படவே இல்லை. எனக்கு அழுகை வந்தது. அப்பா சிரிப்பதை நிறுத்தியிருந்தார். அவருக்கு இது முன்பே தெரியும் என்பது அவர் தலையைக் குனிந்ததிலேயே தெரிந்தது.

"நான் துண்டு எழுதிக் குடுத்துருவேன்ல" என்றேன்.

"குடுப்ப. ஒரு தடவ குடுப்ப, ரெண்டு தடவ குடுப்ப. அப்பறம் தொரை ஒன்னயக் கேப்பாரு. எனக்காக நீ மாட்டணுமா?"

வெள்ளிக்கிழமை நான் கையெழுத்துப் போடப் போகவில்லை. அப்பா இரண்டு நாள் என்னோடு பேசவில்லை. கைக்கு வந்ததைத் தட்டிவிட்ட திமிர்பிடித்தவள் என்று லயம் முழுக்கப் பேசினார்கள். தலைவர் மட்டும் வழியில் பார்த்து, "நல்ல முடிவு பாப்பா" என்றார். சீக்கிரத்திலேயே அவருடைய மருமகன் கையெழுத்துப் போட்டான். அரசாங்கத்திடமிருந்து பதில் வரும்வரை நான் அம்மாவோடு பால்வெட்டப் போனேன். வாளியைத் தூக்கிக்கொண்டு பால் நிறுக்கிற ஸ்டோருக்கு நடக்கும் ஒவ்வொரு நாளும், ஏமாந்துவிட்டோமோ என்றுதான் மனது அடித்துக்கொண்டது. பதில் வந்து, என் பெயர் இருக்கிறது என்று தெரிந்தபோதுகூட, வேறு யாருக்கோ வந்ததாக இருக்குமோ என்று அடையாள அட்டை எண்ணை ஒப்பிட்டுப் பார்த்துவிட்டுத்தான் அம்மாவைக் கட்டிப் பிடித்தேன்.

பயிற்சியின் முதல் வருஷத்தில் விடுதி அறையில் ஒரு ஞாயிற்றுக்கிழமை, கூடப் படித்தவளிடம் இந்தக் கதையைச் சொன்னேன். அவள் சிரித்துவிட்டு நம்ப மறுத்தாள். சரி, காட்டுகிறேன் என்று குசினியில் வெங்காயம் வாங்கி உரித்துக் கக்கத்தில் வைத்துக்கொண்டு போர்த்திப் படுத்தேன். தோல் எரிந்தது, நாற்றம் தாங்கவில்லை. தெர்மாமீட்டரை எடுத்துப் பார்த்தால் சாதாரணச் சூடுதான். மற்றப் பக்கமும் வைத்துப் பார்த்தேன். அவளுக்கும் வைத்துப் பார்த்தோம். பாதரசம் ஏறவே இல்லை.

வெங்காயத்தால் காய்ச்சல் வராது. அப்படியானால் எங்கள் டிஸ்பென்சரியில், ஒவ்வொரு தடவையும் அம்மாவின் கக்கத்திலிருந்து தெர்மாமீட்டரை எடுத்து வெளிச்சத்தில் பார்த்து முறைத்துவிட்டு, காய்ச்சல் என்று எழுதிக் கொடுத்த அந்தச் சிடுமூஞ்சி மனிதர் என்ன பார்த்தார்? கக்கத்தைத் துடைத்த ஈரத்துணியோடு கட்டிலில் உட்கார்ந்து நெடுநேரம் அதையே நினைத்தேன். அம்மாவிடம் இதை நான் சொல்லவில்லை. டாக்டரையாவை ஏமாற்றியது தன் கெட்டிக்காரத்தனம் என்ற பெருமையை அவளிடமிருந்து பிடுங்க எனக்கு மனம் வரவில்லை.

எனக்கு முதல் வேலை எஹலியகொடைப் பக்கம் ஒரு சின்ன ஆஸ்பத்திரியில். சுற்றிலும் தோட்டம், துண்டு வாங்கவும் அங்கேதான் வருவார்கள். ஒருநாள் காலையில் தலையில் துணி கட்டியபடியே ஒரு பெண் வந்து, "காச்சங்க, டாக்டரம்மா" என்று முனகினாள். அவள் உள்ளே வரும் முன்னே வெங்காய நாற்றம் வந்துவிட்டது. தெர்மாமீட்டரை வைத்தேன். எடுத்து வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தேன். முடிந்த அளவு முறைத்தேன். பிறகு காய்ச்சல் என்று துண்டில் எழுதி அவள் கையில் கொடுத்தேன்.

"புள்ளைக்கு என்ன சோதனை?" என்று கேட்டேன்.

அவள் என்னை மேலும் கீழும் சந்தேகமாகப் பார்த்தாள். துண்டை மடித்து ரவிக்கைக்குள் வைத்துக்கொண்டு, பதில் சொல்லாமல் விறுவிறுவென்று நடந்து போய்விட்டாள்.