தப்பா பாடுறதுதான் என் வேலை

தப்பா பாடுறதுதான் என் வேலை. நம்ப மாட்டீங்க, சரியா பாடுறதவிட அது கஷ்டம். கீபோர்டுல உருக்கமா ஒரு மெட்ட ஆரம்பிக்கணும். கம்பெனி பஸ்ஸ விட்டதயோ, மேனேஜர் லீவு தராததயோ, சாவு வூட்டு சோகத்தோட பாடிகினே போவணும். உச்சத்துக்கு ஏறுற எடத்துல குரல் உடையணும். கொஞ்சம் முன்னாடி உடைஞ்சா, பாவம், பாட வரலன்னு விட்டுடுவாங்க. கரெக்டா உடைஞ்சா மாமல்லபுரம் ரிசார்ட்டு புல்தரையில ஜனம் சிரிச்சு சேரோட சாயும்.

மறைமலைநகர்ல பார்ட்ஸ் கம்பெனி வேலைய விட்டுட்டு இதுக்கு வந்தேன். வாராவாரம் சனிக்கிழம அந்த ரிசார்ட்டுல காமெடி ஷோ. செய்யூர் பக்கம் ஊர்ல கீற எங்க அம்மா மட்டும் இத வேலைன்னே ஒத்துக்கல. பையன் இன்னும் கம்பெனியிலதான் கீறான்னு எல்லார்கிட்டயும் சொல்லிகினு இருந்துச்சு. எனக்கு கோவம் பொத்துகினு வரும். மறைக்கிறதுக்கு நான் இன்னா திருடவா போறேன்?

சிரிச்சவங்க எல்லாம் செல்ஃபி எடுத்துகினு ரூமுக்குப் போயிடுவாங்க. நான் கிச்சனுக்குப் பின்னாடி ஒரு சேரப் போட்டுகினு தனியா சாப்புடுவேன். அவ்ளோ சிரிப்பக் கேட்டுட்டு வந்து அப்படி உக்காந்தா, சொல்லிக்க ஒரு ஆள் இல்லியேன்னு இருக்கும். அம்மா ஒரு தடவ அந்த சிரிப்பக் கேட்டுச்சுன்னா போதும், எம் புள்ள இந்த வேல பாக்குறான்னு வாய் திறந்து சொல்லிடும்னு நெனச்சேன். கெஞ்சிக் கூத்தாடி ஒரு சனிக்கிழம கூட்டிகினு வந்தேன்.

அன்னிக்கு ஒரு ஐ.டி. ஆபீஸ் கூட்டம். அம்மாவ முன்வரிசை ஓரத்துல உக்கார வெச்சேன். மொதல் பாட்டுல குரல் உடைஞ்சுது, எல்லாரும் வயித்தப் புடிச்சிகினு சிரிச்சாங்க. அம்மா சிரிக்கல. திரும்பித் திரும்பி அவங்க மூஞ்சியப் பார்த்துச்சு. ரெண்டாவது பாட்டுக்கு இன்னும் பெரிய சிரிப்பு. அம்மா எழுந்து நின்னுடுச்சு.

"ஏம்பா சிரிக்கிறீங்க? அவனுக்கு தொண்ட கட்டிகினு கீது. நல்லா பாடுற புள்ள அவன்."

அதுவும் ஷோவுல ஒரு பார்ட்டுன்னு நெனச்சிகினு கூட்டம் விசிலடிச்சுது. அம்மா முந்தானைய இழுத்துப் போத்திகினு உக்காந்துச்சு, அழுவாத கொறதான்.

அடுத்த ஜோக்கு எனக்கு வாய் வரைக்கும் வந்துடுச்சு. அம்மாவ வெச்சே ஒண்ணு சொல்லியிருந்தா அன்னிக்கு நான்தான் ராஜா. சொல்ல மனசு வரல. அம்மாவுக்குப் புடிச்ச அம்மன் பாட்டு ஒண்ண எடுத்தேன். எங்கயும் உடைக்காம, முழுசா, சுத்தமா பாடுனேன். எப்ப உடையும்னு கூட்டம் கொஞ்ச நேரம் காத்திருந்துச்சு. அப்புறம் செல்போன எடுத்துப் பாக்க ஆரம்பிச்சுது. ஒவ்வொருத்தரா எழுந்து சாப்பாட்டுப் பக்கம் போயிட்டாங்க. கடைசி வரி பாடும்போது எதிர்ல அம்மா ஒண்ணுதான் தலையாட்டிகினு இருந்துச்சு.

கீபோர்ட மூடும்போது ரிசார்ட்டு மேனேஜர் கிட்ட வந்தாரு. அடுத்த வாரத்துலேர்ந்து வேற ஆளப் பார்த்துக்குறோம், தப்பா எடுத்துக்காதீங்கன்னு மெதுவா சொல்லிட்டுப் போனாரு. அம்மா காதுல விழல.

பஸ் ஸ்டாண்டுல அம்மா எங் கையப் புடிச்சிகிச்சு. அது மூஞ்சியில அப்படி ஒரு நிம்மதிய நான் பார்த்து வருஷக்கணக்கா ஆவுது.

"கடைசிப் பாட்டுக்கு ஒருத்தன்கூட சிரிக்கல, பாத்தியா? இனிமே வாராவாரம் இப்படியே பாடுடா. நான் ஊர்ல எல்லார்கிட்டயும் சொல்றேன்."

சரிம்மான்னேன். வேற இன்னா சொல்றது?