கணவாய்க் குஞ்சுக்குப் பசியாற்றிய நல்லம்மாள்

நேற்று விடியலில், வெண்ணந்தூரிலிருந்து நல்லம்மாள் அம்மையாரின் மகன் வந்து என் வீட்டு வாயிலில் நின்றார். முகத்தைக் கண்டதுமே செய்தி விளங்கிவிட்டது. "தூக்கத்துலயே போயிட்டாங்கய்யா. செரமமே படலீங்க" என்றார். ஓராண்டாக மூச்சிழுப்பில் அம்மையார் பட்ட பாட்டை அருகிருந்து கண்டவன் நான். கண்ணீருக்கு முன்பாக எனக்கு வந்தது ஆறுதல் பெருமூச்சு. அதை மறைக்க நான் விரும்பவில்லை.

இரங்கல் மேடைகள் பலவற்றில் முழங்கியிருக்கிறேன். மலை சாய்ந்தது, விளக்கு அணைந்தது என்றெல்லாம் சொல்லியிருக்கிறேன். அச்சொற்களை அம்மையார் கேட்டிருந்தால் சிரித்திருப்பார். அவரை அறியாதோர்க்குச் சொல்ல என்னிடம் இருப்பது ஒரு கணவாய் மீன் குஞ்சின் வரலாறு மட்டுமே.

எழுபதுகளின் நடுப்பகுதி. சூரமங்கலத்தில் எங்கள் வீட்டுக்கும் அவர்கள் வீட்டுக்கும் இடையே ஒரு சுவர்தான். அவர் கணவர் கந்தப்பன் தொடர்வண்டிக் காவலர். கார்டு என்றால்தான் தெருவுக்குத் தெரியும். கண்ணாடித் தொட்டியில் மீன் வளர்ப்பதில் அவருக்கு அடங்காத வேட்கை. ஏரி மீன்கள் அலுத்துப்போய்க் கடல் மீன்களுக்கு ஆசைப்பட்டார். கடல் என்பது உப்புக் கரைந்த நீர்தானே என்று கிணற்று நீரில் கல்லுப்பைக் கரைத்து விட்டார். கோழிக்கோட்டிலிருந்து வந்த மீன்கள் பொழுது சாய்வதற்குள் மிதந்தன. "உப்புப் போட்டாச்சு, இன்னிமே புளி கரைச்சு ஊத்துனாக் கொழம்புங்க" என்றார் அம்மையார்.

அதன்பின் கடல்நீரே சேலத்துக்கு வந்தது. கோழிக்கோட்டு நண்பர் ஒருவர் கேனில் மொண்டு வண்டியில் ஏற்றிவிடுவார். காவலர் பெட்டியில் ஒருவர் பணி முடித்து இறங்க, அடுத்தவர் பொறுப்பேற்க, கேன் கைமாறிக் கைமாறி வந்து சேரும். ஒருமுறை நீரோடு ஒரு கடற்பாசித் தண்டும் வந்தது. அதில் கருந்திராட்சைக் கொத்துப்போல் கணவாய் முட்டைகள். ஒன்றுதான் பொரிந்தது. மொச்சைக் கொட்டையளவு உடல். அதில் பாதி கண்.

பொரிந்ததோ புரட்டாசியில். அம்மையார் வேளாண் குடியில் பிறந்தவர். அந்தத் திங்கள் முழுதும் அவர் வீட்டில் முட்டையும் நுழையாது. கணவாயோ உயிருள்ள இரையைத்தான் தின்னும். கணவர் பாதி நாள் வண்டியில் இருப்பவர். அம்மையார் நேரே என்னிடம் வந்தார்.

"அய்யா, நீங்கதான் சாமி இல்லீங்கறவரு. உங்க ஊட்டுல புரட்டாசி கெடையாது. ஒரு மாசம் இதை வெச்சுக்கோங்க."

என் விடைக்குக் காத்திராமல் தொட்டி என் படிப்பறைக்கு வந்துவிட்டது. மறுநாள் ஒரு கூட்டத்துக்கான உரையை ஒத்திகை பார்த்தேன். வழக்கம்போல் மேசையில் ஓங்கித் தட்டினேன். தொட்டிநீர் கறுத்தது. குஞ்சு மை கக்கியிருந்தது. என் துணைவியார் நீரை மாற்ற, அறை வாசற்படிக்கு ஓடிவந்த அம்மையார், "மேடையில எத்தனைபேரு வேணாலும் நடுங்கட்டுங்க. இது பச்சப்புள்ள" என்றார். அன்றுமுதல் என் முழக்கம் மொட்டைமாடிக்குப் போனது.

குஞ்சு தின்னவில்லை. உயிருள்ள இரைக்கு வழியறியாமல், சந்தையில் வாங்கிய இறாலைத் துணுக்காக்கிப் போட்டோம். பசித்தால் தின்னும் என்று நானும் என் துணைவியாரும் நம்பினோம். அது பார்த்தது, திரும்பிக்கொண்டது. நாளுக்கு நாள் வெளுத்தது. அம்மையார் காலையும் மாலையும் வாசற்படியில் நின்று எட்டிப் பார்ப்பார்; உள்ளே வரமாட்டார். இரை விழும் அறைக்குள் நோன்போடு நுழைவதில்லை என்பது அவர் கட்டுப்பாடு.

ஒரு மாலை, குஞ்சு தொட்டியின் அடியில் ஒருக்களித்துக் கிடந்தது. அம்மையார் வாசலிலிருந்து நெடுநேரம் பார்த்தார். விறுவிறுவென்று கிளம்பிப் போனார். பொழுது சாயும் வேளையில், சேலைக் கரை நனைந்திருக்க, கையில் ஒரு செம்போடு திரும்பினார். செம்புக்குள் ஏரியில் துணியால் அரித்தெடுத்த பொடி இறால்கள் துள்ளிக்கொண்டிருந்தன. இம்முறை வாசலில் நிற்கவில்லை. நேரே உள்ளே வந்தார்.

"நோன்பு என்னவாகும்?" என்றேன்.

"பெருமாளு மொதல்ல மீனாத்தானுங்க வந்தாரு. தண்ணிக்குள்ள பசிச்சா எப்படியிருக்கும்னு அவருக்குத் தெரியும். நான் பேசிக்கறேன், நீங்க கொஞ்சம் நகருங்க."

கடவுள் மறுப்பில் ஊர் ஊராக வாதிட்டவன் நான். அன்று நகர்ந்து நின்றேன்.

உப்புநீரில் விழுந்த இறால் உதறித் துடித்தது. குஞ்சின் கண் திரும்பியது. வெளிறிய உடலில் நிறம் ஏறியது. முகத்திலிருந்து இரு கைகள் அம்புபோல் நீண்டு சுருங்கின, இறாலைக் காணவில்லை. அம்மையார் அப்படியே தரையில் அமர்ந்துவிட்டார். "தின்னுடுச்சுங்க" என்றார், தாழ்ந்த குரலில். எனக்கும் அப்போதுதான் மூச்சு வந்தது.

அந்தப் புரட்டாசி முழுதும் தாம் ஒருவேளை உணவோடு நோன்பிருந்தார். கணவாய்க்கு ஒருவேளையும் தவறாமல் ஏரிக்குப் போய்வந்தார். பெருமாளோடு என்ன பேசினார் என்று கேட்டேன். "அது எங்களுக்குள்ள" என்றார்.

பங்குனிக்குள் அது உள்ளங்கையளவு வளர்ந்து, அவர் விரல் நுனியிலிருந்தே இரை வாங்கியது. தொட்டி போதவில்லை. வைத்துக்கொள்ளலாம் என்று கந்தப்பன் கெஞ்சினார். அது கடலுக்கே திரும்ப வேண்டுமென்று அம்மையார் முடிவு செய்தார். மூடிய வாளியோடு மூவரும் கோழிக்கோட்டுக்கு வண்டி ஏறினோம். அவர் முதன்முதலாகக் கடலைக் கண்டது அன்றுதான். அலையை அவர் பார்த்ததாகத் தெரியவில்லை, வாளியைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார். முழங்கால் நீரில் இறங்கிச் சாய்த்தார். கணவாய் அவர் காலருகே சற்றே நின்றது, மணலின் நிறத்தைப் பூண்டது, பிறகு எங்கள் கண்களுக்கு அகப்படவில்லை. கந்தப்பன் குனிந்து துழாவினார்.

"தேடாதீங்க. நமக்கே தெரியலீன்னா வேற எதுவும் புடிச்சுத் தின்னாது. பொழைச்சுக்கும்" என்றார் அம்மையார். திரும்பும் வண்டியில், வெற்று வாளியை மடியில் வைத்துக்கொண்டு, சேலம் வரும்வரை உறங்கினார்.

நேற்று வெண்ணந்தூரில் அவர் முகத்தைக் கண்டேன். இழுப்பில்லை, முனகலில்லை. முதுமையடைந்த கந்தப்பன் அருகில் அமர்ந்து, தேவையில்லை என்று பிறர் சொல்லியும் கேளாமல், விசிறிக்கொண்டிருந்தார்.

அம்மா, உங்கள் சொற்படி நாங்கள் தேடாமலிருக்கப் பார்க்கிறோம். நன்றாக உறங்குங்கள்.